தெரிந்தே விற்றேன்

நான் விற்ற பொம்மைகளில் ஈயம் இருந்தது. ஆய்வகம் அதை எழுத்தில் எனக்கு அனுப்பியது. படித்த பிறகும் விற்றேன். விற்ற சரக்கைத் திரும்ப வாங்கவில்லை. வாங்கிப் போனவர்களிடம் அப்போது சொல்லவும் இல்லை.

சென்னை பாரிமுனையில், காசி செட்டித் தெருவை ஒட்டி மொத்த வியாபாரம் செய்தவன் நான். இறக்குமதிப் பொம்மைதான் என் பிழைப்பு. குழந்தைகளின் வாய்க்குப் போகிற பொருளில் என்ன நஞ்சு இருக்கலாம், எவ்வளவு இருக்கக் கூடாது என்று சட்டம் சொன்னதை அத்தனை வருடமும் எப்படிக் கையாண்டேன் என்பதை எதையும் குறைக்காமல் எழுதுகிறேன். இதை எழுதச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எந்த வழக்கும் என் மேல் இல்லை. வழக்கு வராமல் போனது நான் செய்ததைச் சரியாக்கிவிடாது.

சீனாவின் இவூ நகரத்தில்தான் சரக்கெடுப்போம். அங்கே ஒரு பெரிய சந்தை, மாடி மாடியாகச் சிறு கடைகள். ஒரு கடையில் பத்துப் பெட்டி, அடுத்ததில் ஐந்து பெட்டி என்று சொல்லிவைத்துவிட்டு வந்தால், அங்குள்ள ஏஜென்ட் எல்லாவற்றையும் ஒரு குடோனில் சேர்த்து ஒரே கன்டெய்னரில் அடைத்து அனுப்புவார். ஒரு கன்டெய்னரில் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கும். எந்தத் தொழிற்சாலையில் செய்தது, என்ன பெயின்ட், என்ன பிளாஸ்டிக் என்று கேட்டால் விற்கிற கடைக்காரருக்கே பல நேரம் தெரியாது. நானும் கேட்டதில்லை. விலை, நிறம், பெட்டி எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற மூன்றை மட்டும் பார்த்தேன்.

பொம்மையில் நஞ்சு இருக்கும் என்ற பேச்சு எங்கள் தெருவுக்குப் புதிதல்ல. 2006-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், காலணியோடு இலவசமாகக் கொடுத்த கைச்சங்கிலியின் இதய வடிவப் பதக்கத்தை விழுங்கி நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். அந்தப் பதக்கம் ஏறக்குறைய முழுக்க ஈயம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், பெயின்டில் ஈயம் இருந்ததால் மேட்டல் நிறுவனம் தன் ஃபிஷர்-பிரைஸ் பொம்மைகளில் சுமார் 15 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. 2008-இல் அமெரிக்கா குழந்தைகளின் பொருள்களுக்கான சட்டத்தையே கடுமையாக்கியது. இதையெல்லாம் நாங்கள் டீக்கடையில் நின்று பேசினோம். அங்கே வாங்க மறுத்த சரக்கு இவூ சந்தையில் மலிவாகக் கிடைக்குமா என்றும் பேசினோம். அந்தப் பேச்சில் நானும் இருந்தேன்.

2009 ஜனவரியில் மத்திய அரசு சீனப் பொம்மை இறக்குமதியை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்தது. மார்ச்சில் தளர்த்தியது. அமெரிக்கத் தரம், ஐ.எஸ்.ஓ. தரம், இந்தியத் தரம் ஆகியவற்றில் ஒன்றுக்குப் பொருந்துவதாக, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த சான்றோடு வந்தால் கொண்டுவரலாம் என்றது. சுங்கத்தில் தாக்கல் செய்கிற பில் ஆஃப் என்ட்ரியோடு இணைக்க இன்னொரு தாள் வேண்டும் என்று மட்டுமே நாங்கள் அதை எடுத்துக்கொண்டோம். இவூ ஏஜென்டிடம் சொன்னேன், தாள் வந்தது. அடுத்த கன்டெய்னருக்கும் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதில்லை. பல வருடம் அந்த ரிப்போர்ட்டுகளைத் திறந்து படித்ததே இல்லை. கிளியரிங் ஏஜென்டுக்கு அப்படியே அனுப்பிவிடுவேன்.

படித்திருந்தால் எல்லாமே அதில் இருந்தது. டெஸ்ட் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் யார் சோதிக்கக் கொடுத்தார், எந்த மாடல், எந்தத் தேதி என்று இருக்கும். உள்ளே சாம்பிளின் படம் இருக்கும். என் கன்டெய்னரில் வந்த மாடலும் படத்தில் இருந்த மாடலும் பெரும்பாலும் ஒன்றாக இருந்ததில்லை. எந்தெந்தச் சோதனை செய்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். கூர்மையான முனை உண்டா, சிறு பாகம் கழன்று வருமா என்று மட்டும் பார்த்துவிட்டு, உலோக நஞ்சுக்கான சோதனையே செய்யாத ரிப்போர்ட்டுகள் நிறைய. சோதனைக்கு வந்த சாம்பிளுக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும் என்று ஒரு வரி எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கும். அந்த வரியைப் படிக்கிற எவனும் ஒரே ரிப்போர்ட்டை நூறு வகைப் பொம்மைக்குச் சான்றாக வைக்க மாட்டான். நான் வைத்தேன்.

இதுவரை சொன்னது கண்ணை மூடிக்கொண்டு செய்தது. அடுத்தது கண்ணைத் திறந்துகொண்டு செய்தது.

சில வருடங்கள் கழித்து, பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு பெரிய கடை என் சரக்கை எடுக்க முன்வந்தது. சீனத்து ரிப்போர்ட்டை அவர்கள் ஏற்கவில்லை. தாங்கள் எடுக்கிற ஒவ்வொரு வகைக்கும் இங்கே, என்.ஏ.பி.எல். என்ற தேசிய அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில், என் செலவில் சோதித்துத் தர வேண்டும் என்றார்கள். பெரிய ஆர்டர் என்பதால் சம்மதித்தேன். அனுப்பிய சாம்பிள்களில் கயிறு கட்டி இழுக்கிற ஒரு மர வாத்து இருந்தது. உடம்பெல்லாம் மஞ்சள், அலகு ஆரஞ்சு. நடக்கப் பழகுகிற வயதுக் குழந்தைகளுக்கானது. ரிப்போர்ட்டில் அந்த மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நேரே, ஈயம் என்ற வரியில், தேறவில்லை என்று இருந்தது. அளவு வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது.

ஆய்வகம் தப்பாகச் செய்திருக்கும் என்று நினைத்துப் போன் செய்தேன். எடுத்துப் பேசிய அம்மையார் பொறுமையாக விளக்கினார். பொம்மையின் மேல் உள்ள பெயின்டை நிறம் நிறமாகத் தனித்தனியே சுரண்டி எடுப்பார்களாம். மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, 37 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் ஆட்டி, இன்னொரு மணி நேரம் அப்படியே வைத்து, வடிகட்டி, அதில் எவ்வளவு உலோகம் கரைந்து வந்திருக்கிறது என்று அளப்பார்களாம். "குழந்தை வாயில வச்சு முழுங்கினா வயித்துல என்ன நடக்குமோ, அதைத்தான் சார் இங்க செஞ்சு பாக்கறோம்" என்றார். ஈயத்துக்கு ஒரு கிலோ பெயின்டில் 90 மில்லிகிராம்தான் வரம்பு. காட்மியம் 75, பாதரசம் 60, ஆர்சனிக் 25. ஆன்டிமனி, பேரியம், குரோமியம், செலினியம் ஆகியவற்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு.

மஞ்சளிலும் ஆரஞ்சிலும் மட்டும் ஏன் என்று கேட்டேன். அதற்கும் காரணம் சொன்னார். ஈய குரோமேட் என்ற நிறப்பொடி மலிவானது. ஒரே பூச்சில் மரத்தை மறைத்துவிடும்; வெயிலில் வெளுக்காமல் பளிச்சென்று நிற்கும். அதை விட்டால் அதே பளபளப்புக்கு விலை கூடும். சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கி நான் தேடித் தேடி எடுத்த நிறம் அதுதான். மலிவாகவும் பளிச்சென்றும் வேண்டும் என்று கேட்டவன் நான். கேட்டது கிடைத்தது.

கடையின் கொள்முதல் அதிகாரி அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ஐட்டம் வேண்டாம் சார், மத்ததை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். அவர் தன் வாடிக்கையாளர்களைக் காப்பாற்றிக்கொண்டார். வாத்துப் பெட்டிகள் என் குடோனில் இருந்தன. குடோன் பையன் கேட்டான்: "அண்ணாச்சி, இதை என்ன பண்றது?" நான் யோசிக்கக்கூட இல்லை. "திருவிழாப் பார்ட்டிங்களுக்குப் போட்டுவிடு" என்றேன்.

திருவிழாப் பார்ட்டி என்று நாங்கள் சொல்வது ஊர் ஊராகப் போய்க் கடை போடுகிறவர்களை. நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணிக் கொடியேற்றம், திருவண்ணாமலை தீபம், சமயபுரத்துச் சித்திரைத் தேர் என்று அவர்கள் வருடம் திருவிழாவுக்குத் திருவிழா ஓடும். கணவனும் மனைவியுமாக பஸ்ஸில் வந்து, பாதிக் காசு கொடுத்து, மீதியைத் திருவிழா முடிந்து தருவதாகச் சொல்லிச் சாக்கில் கட்டிக்கொண்டு போவார்கள். ரிப்போர்ட் கேட்கத் தெரியாதவர்கள். என்னை நம்பினார்கள். அவர்களிடம் வாங்குகிறவர்களும் அப்படித்தான். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வருடத்தில் ஒரு நாள் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, கேட்டதை வாங்கித் தருகிற இடம் அது. ஏசி கடையில் வாங்குகிறவர்களின் குழந்தைகளுக்கு ஆகாது என்று ஆய்வகம் சொன்ன பொருளை இந்தப் பிள்ளைகளுக்கு அனுப்பினேன். அந்த முடிவெடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. என் குற்றத்தில் மிகக் கேவலமானது இதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் ஒருவர் திரும்பி வந்து, "நல்லாப் போகுது அண்ணாச்சி, இன்னும் இருந்தா குடுங்க" என்றார். இருந்தது. கொடுத்தேன்.

அந்த ரிப்போர்ட்டை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். கிழித்துப் போடவும் இல்லை.

ஈயம் குழந்தைக்கு என்ன செய்யும் என்பதை அப்போதே ஓரளவு தெரிந்துகொண்டேன். பின்னால் நிறையப் படித்தேன். ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால், பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கால்சியம் என்று ஏமாந்து எலும்பு அதைச் சேமித்துவைக்கும். வளர்கிற மூளையை அது தொடும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவை ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்திருந்தது. 2012-இல் 5 ஆக்கியது, 2021-இல் 3.5 ஆக்கியது. தெரியத் தெரியக் கோடு கீழே இறங்கிக்கொண்டே போகிறது.

குறைந்த அளவில் போகிற ஈயத்தால் குழந்தைக்குக் காய்ச்சல் வராது, வாந்தி வராது. கணக்கு கொஞ்சம் மெதுவாகப் புரியும். ஒரு இடத்தில் உட்கார முடியாது. சட்டென்று கோபம் வரும். வாத்தியார் மந்தம் என்பார், வீட்டில் சேட்டை என்பார்கள், அந்தப் பிள்ளையும் தன்னைப் பற்றி அதையே நம்பும். வாங்கிக் கொடுத்த பொம்மையை யாரும் நினைக்க மாட்டார்கள். ஆகவே என்னால் கெட்ட ஒரு குழந்தையின் பெயரைக்கூட என்னால் சொல்ல முடியாது. ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம் என்று முன்பு எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இப்போது சொல்வதில்லை. கண்டுபிடிக்க முடியாத சேதம் என்பதுதான் அன்று எனக்குத் துணிச்சல் கொடுத்தது. மினியாபொலிஸ் சிறுவனைப் போல ஒரு பிள்ளை என் பொம்மையால் செத்திருந்தால் நான் அன்றே நிறுத்தியிருப்பேன்.

2020-இல் யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில், ஈயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பதாகச் சொன்னது. பழைய பேட்டரி உருக்குகிற பட்டறைகள், பெயின்ட், கலப்பட மசாலா என்று அதற்குக் காரணங்கள் பல. பொம்மை அதில் ஒரு சிறு பங்கு. அந்தச் சிறு பங்கை என் கையால் எடுத்துக் கொடுத்தேன்.

சட்டம் இறுகியபோது நான் திருந்தவில்லை. 2019 டிசம்பரில், ஒவ்வொரு சரக்கிலும் துறைமுகத்தில் சாம்பிள் எடுத்து இந்திய ஆய்வகத்தில் தேறினால்தான் வெளியே விட வேண்டும் என்று விதி வந்தது. தேறாததை இறக்குமதியாளர் செலவிலேயே அழிக்கவோ திருப்பி அனுப்பவோ வேண்டும். சோதனை முடிகிறவரை கன்டெய்னர் யார்டில் நிற்கும், டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். அதைத் தவிர்க்க, சில பெட்டிகளைப் பொம்மை என்று எழுதாமல் பார்ட்டி அலங்காரப் பொருள் என்று எழுதச் சொன்னேன். கிளியரிங் ஏஜென்ட் தயங்கினார். "சார், மாட்டினா மொத்த கன்டெய்னரும் போயிடும்" என்றார். நான் கட்டாயப்படுத்தினேன். அந்தச் சரக்கு வந்தது. அதில் எதையும் யாரும் சோதிக்கவில்லை.

2020 பிப்ரவரியில் பொம்மைக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. குடோனில் பழைய சரக்கு கிடந்தது. அதையும் விலை குறைத்து அதே திருவிழாக் கடைகளுக்குத் தள்ளிவிட்டேன், தேதி தாண்டிய பிறகும். 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய அமைவன (பி.ஐ.எஸ்.) சட்டம் இதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதமோ வகுத்தது. நான் அதற்கு உரியவன்.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது என்னிடம் நியாயங்கள் இருந்தன. எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பது ஒன்று. கஸ்டம்ஸே விட்டுவிட்டதே என்பது இன்னொன்று. கஸ்டம்ஸ் அதிகாரி பார்ப்பது நான் கொடுத்த தாளை. பொய்யான தாளைக் கொடுத்துவிட்டு, அவர் ஏமாந்ததை எனக்குச் சாட்சியாகக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை.

மூன்றாவது நியாயத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. ஒரு கன்டெய்னரில் நூற்றுக்கணக்கான வகை வருகிறபோது, வகைக்கு வகை, நிறத்துக்கு நிறம் சோதிக்க என்னைப் போன்ற சிறு வியாபாரியால் முடியாது. சோதனைக் கூலியே சரக்கின் விலையைத் தாண்டிவிடும். ஒரே பொம்மையை லட்சக்கணக்கில் செய்கிற தொழிற்சாலைக்கு ஏற்ற விதி இது என்று வியாபாரிகள் சங்கக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து நான் எடுத்த முடிவு தவறு. சோதிக்க முடியாத அளவுக்கு வகைகளைக் கொண்டுவருவது என்று நான்தான் முடிவு செய்தேன். ஐந்து வகை எடுத்து, செய்கிற தொழிற்சாலையை நேரில் பார்த்து, என்ன பெயின்ட் என்று எழுத்தில் வாங்கி, ஒவ்வொரு லாட்டிலும் சாம்பிள் எடுத்துச் சோதித்திருக்கலாம். வியாபாரம் சிறுத்திருக்கும். கார் வாங்கியிருக்க மாட்டேன், இரண்டாவது குடோன் பிடித்திருக்க மாட்டேன். சோதனைக் கூலி அந்தப் பொம்மையின் உண்மையான விலையில் ஒரு பகுதி. அதை நான் கொடுக்காமல் மிச்சம் பிடித்தபோது, வேறு யாரோ கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்குப் பேசவே தெரியாத வயது.

வாத்துப் பெட்டிகளில் முடங்கியிருந்த பணம் என் ஒரு மாதக் குடோன் வாடகையைத் தாண்டாது. அந்தத் தொகைக்காகத்தான் செய்தேன். பெரிய நெருக்கடி, கடன்காரர் வாசலில் நின்றார் என்றெல்லாம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது இறக்குமதியை விட்டுவிட்டேன். முத்திரையுள்ள உள்நாட்டுப் பொம்மைகளை மட்டும் விற்கிறேன். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் உள்ளே எடுப்பதில்லை. வாங்குகிறவர்களுக்கும் அதைக் காட்டிக் கொடுக்கிறேன். அன்று வாத்து வாங்கிப்போனவர்களில் கிடைத்தவர்களிடம் உண்மையைச் சொன்னேன். ஒருவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தன் பேத்திக்கும் அதில் ஒன்று கொடுத்ததாகச் சொன்னார். ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். "இப்பப் பாத்து என்னண்ணாச்சி ஆவப்போவுது" என்றார். அவர் கேட்டது சரி. ரத்தத்தில் ஈயம் சில வாரங்களில் குறைந்துவிடும். எலும்பில் பல ஆண்டுகள் இருக்கும். மூளையில் செய்ததை எந்தப் பரிசோதனையும் திருப்பிக் கொடுக்காது. மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்ததாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

பொம்மையானாலும் துணியானாலும் சமையல் பாத்திரமானாலும், வெளிநாட்டிலிருந்து சரக்கெடுக்கிற என் போன்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். செய்தவன் கடல் கடந்து இருக்கிறான். அவனை இங்கே யாரும் கேள்வி கேட்க முடியாது. அவன் செய்ததற்கு இந்த நாட்டில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். உங்களிடம் உள்ள ரிப்போர்ட்டை இன்று திறந்து படியுங்கள். உங்கள் மாடலா, உங்கள் நிறமா, இந்த வருடத் தேதியா, நஞ்சுக்கான சோதனை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே ஒரு சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தேறவில்லை என்று வந்தால் சரக்கை அப்படியே நிறுத்துங்கள். மலிவு விலைக்குத் தள்ளாதீர்கள். எரிக்கவும் வேண்டாம், ஈயம் புகையிலும் சாம்பலிலும் போகும். கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளை முறையாக எடுத்துக்கொள்ளும் இடம் இருக்கிறது. ஏற்கெனவே விற்றிருந்தால் பில் புத்தகத்தை எடுத்து, வாங்கிய ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, பணத்தைக் கொடுத்துத் திரும்ப வாங்குங்கள். எனக்கு அந்த ரிப்போர்ட் வந்த அன்று அந்தப் பெட்டிகளில் ஒன்றுகூட என் குடோனை விட்டுப் போயிருக்கவில்லை. நான் யாரையும் கூப்பிட வேண்டிய அவசியமே அன்று இல்லை. கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும்.